கற்களைப் படமெடுக்க ஒரு மேக்ரோ லென்ஸ்: நீண்ட நாள் அனுபவம்

ரத்தினங்கள், தாதுப் படிகங்கள், நகைகள். இவற்றைப் படமெடுப்பதற்காகவே ஒரு டிஜிட்டல் கேமராவும் 100 மி.மீ. மேக்ரோ லென்ஸும் பல வருடமாக என்னிடம் உழைக்கின்றன. கேமராவைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ராவ் கோப்பு (கேமரா பதப்படுத்தாத மூலப்படம்) எடுக்க வேண்டும், திரையில் பெரிதாக்கிப் பார்த்துக் கையால் ஃபோகஸ் செய்ய முடிய வேண்டும், அவ்வளவே. லென்ஸ் மட்டும் 1:1 வரை, அதாவது பொருளின் உண்மை அளவே சென்சாரில் விழும் வரை, போகட்டும். 100 மி.மீ. என்றால் கல்லுக்கும் லென்ஸுக்கும் நடுவே விளக்கை நுழைக்க இடம் இருக்கும்.

புதிதாக வருபவர்களை முதலில் லைட் பாக்ஸ் (சுற்றிலும் வெள்ளையாக ஒளி பரவும் பெட்டி) வாங்கச் சொல்வார்கள். முத்துக்கும் வழுவழுப்பான தங்க நகைக்கும் அது நல்லதுதான். பட்டை தீட்டிய கல்லுக்கு ஆகவே ஆகாது. வைரம் மின்னுவதே அடுத்தடுத்த பட்டைகளில் வெளிச்சமும் இருட்டும் மாறி மாறி விழுவதால்தான். சுற்றிலும் வெள்ளையாக இருந்தால் எல்லாப் பட்டையும் வெள்ளையையே காட்டும், கல் உயிரில்லாமல் கிடக்கும். நான் ஒரு பக்கம் டிரேசிங் பேப்பர் வழியாக ஒளி விட்டு, எதிர்ப்பக்கம் விரல் அகலக் கறுப்பு அட்டை ஒன்றை நிறுத்துகிறேன். அட்டையை மெல்ல நகர்த்தினால் ஒரு பட்டை அணைந்து பக்கத்துப் பட்டை பளிச்சென எரிவது திரையிலேயே தெரியும். அந்த நொடிக்காகவே இந்த வேலை எனக்குப் பிடிக்கும். நட்சத்திர நீலக்கல்லுக்கும் வைடூரியத்துக்கும் பேப்பரையும் எடுத்துவிட வேண்டும். மேலிருந்து ஒற்றைச் சிறு விளக்கு விழுந்தால்தான் நட்சத்திரமும் பூனைக்கண் கோடும் தெளிவாக எழும்.

விளக்கு வாங்கும்போது, நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதைச் சொல்லும் சி.ஆர்.ஐ. எண் 95-க்கு மேல் இருக்கிறதா பாருங்கள், ஆழ்ந்த சிவப்பைக் குறிக்கும் ஆர்9 எண்ணையும் பாருங்கள். அது குறைந்தால் மாணிக்கம் மங்கிப்போகும். ஒயிட் பேலன்ஸை (ஒளியின் நிறத்துக்கேற்ற நிறச் சீரமைப்பை) கிரே கார்டு என்னும் சாம்பல் அட்டை வைத்தே எடுங்கள். அலெக்சாண்ட்ரைட் பகலொளியில் பச்சை, குண்டு பல்பில் சிவப்பு. இரண்டு ஒளியிலும் தனித்தனிப் படம் வேண்டும். ஓப்பலுக்குள் நீர் உண்டு, சூடான ஹாலஜன் விளக்கைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள், விரிசல் விழலாம்.

எல்லாம் கூர்மையாக வரட்டும் என்று அப்பர்ச்சரை (லென்ஸின் ஒளித் துளையை) எஃப்/22 வரை சுருக்குவதில் பயனில்லை. 1:1-இல் எஃப்/16 வைத்தாலே எஃப்/32 அளவுக்கு டிஃப்ராக்‌ஷன் (சிறு துளையில் ஒளி வளைந்து பரவுவது) வந்து படம் மொத்தமும் மழுங்கும். எஃப்/8-இல் ஃபுல் ஃபிரேம் கேமராவில் தெளிவாகத் தெரியும் ஆழம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். ஆகவே ஃபோகஸைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து மென்பொருளில் ஒன்றாக்குகிறேன். பைரைட், குவார்ட்ஸ் கொத்து போன்றவற்றுக்கு இது அற்புதமாக வேலை செய்கிறது. தெளிந்த, பட்டை தீட்டிய கல்லில் மட்டும் தொல்லை: மேல் பட்டை வழியாக அடிப்பட்டைகளும் தெரிவதால் மென்பொருள் குழம்பி இரட்டை விளிம்பு போட்டுவிடும். அங்கே மேல்முகம் முதல் இடுப்பு விளிம்பு (கல்லின் அகன்ற நடு விளிம்பு) வரை சில படங்களோடு நிறுத்திக்கொள்கிறேன். படமெடுக்கும் முன்பே தூசியை ஊதுபந்தால் ஊதி நீக்குங்கள். படங்களை ஒன்றாக்கிய பிறகு ஒவ்வொரு துகளையும் அழிக்க உட்கார்ந்தால் மாலை முழுக்க அதிலேயே போய்விடும்.