பொன்னியின் செல்வன்: வாசகரும் ரசிகரும் பிரியும் இடம்

கல்கி 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் எழுதிய ஐந்து பாக நாவலை மணிரத்னம் 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலும் இரண்டு படங்களாகத் தந்தார். எம்.ஜி.ஆர். காலத்திலிருந்தே பேசப்பட்டுக் கைகூடாமல் போன முயற்சி இது. வந்த பிறகோ, நாவலைத் தலைகீழாக ஒப்பிப்பவர்கள் “இது கல்கியின் கதையே இல்லை” என்றார்கள். படிக்காதவர்கள் யார் யாருக்கு என்ன உறவு என்றே பிடிபடவில்லை என்றார்கள். இரண்டு குறைகளும் ஒரே வேரில் கிளைத்தவை என்று எனக்குப் படுகிறது: கல்கி என்னும் கதைசொல்லி படத்தில் இல்லை.

நாவல் ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில், கதாநாயகன் வந்தியத்தேவனின் குதிரை நடையோடு நிதானமாகத் தொடங்குகிறது. வைணவ ஒற்றன் ஆழ்வார்க்கடியான் வழியில் சைவரோடு மல்லுக்கு நிற்பதையும் சோழ நாட்டுத் தனாதிகாரி பழுவேட்டரையரின் பல்லக்கு கடந்து செல்வதையும் பார்த்துக்கொண்டே போகும் வாசகர், கடம்பூர் மாளிகையை அடைவதற்குள் சோழ நாட்டின் உட்பகைகளை ஓரளவு அறிந்துவிடுகிறார். படம் ராஷ்டிரகூடர்களோடு நடக்கும் போரில் தொடங்கி, அந்த ஏரிக்கரைப் பயணத்தை ஒரு பாடலுக்குள் முடித்துக்கொள்கிறது. கமல்ஹாசனின் குரல் தொடக்கத்தில் கொஞ்சம் விளக்கிவிட்டு விலகிக்கொள்கிறது. அதனால் கடம்பூரில் சிற்றரசர்கள் நள்ளிரவில் கூடிச் சதி பேசும்போது, படித்தவருக்கு மட்டுமே மயிர்க்கூச்செறிகிறது. மற்றவர் பக்கத்து இருக்கையில் இருப்பவரிடம் பெயர் கேட்க வேண்டியிருக்கிறது.

ஆனால் சில இடங்களில் படம் நாவலையே மிஞ்சுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். பின்னாளில் பழுவேட்டரையரின் மனைவியாகும் நந்தினிக்கும் சோழப் பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலனுக்கும் இளமையில் இருந்த காதலை நாவலில் பெரும்பாலும் பிறர் வாயால்தான் கேட்கிறோம். படத்தின் இரண்டாம் பாகம் அதை வசனத்தை மிகவும் குறைத்துக்கொண்டு கண்முன் நிகழ்த்துகிறது. அந்தத் தொடக்கம் இருப்பதால்தான், கடம்பூரில் விக்ரமும் ஐஸ்வர்யா ராயும் கடைசி முறையாக எதிரெதிரே நிற்கையில், மங்கிய ஒளியில் கிசுகிசுப்பாக நகரும் அந்த உரையாடல் இவ்வளவு கனக்கிறது. கரிகாலனைக் கொன்றது யார் என்பதை மூட்டமாக விட்டது கல்கியின் சாமர்த்தியம். படமோ அவனையே தன் சாவைத் தேடிச் செல்பவனாக்குகிறது. இதைத் துரோகம் என்றவர்கள் உண்டு; இரண்டு படங்களிலும் இதுவே மிகச் சிறந்த காட்சி என்பது என் கணிப்பு. படத்தின் முதல் பாகத்தில் கரிகாலனின் தங்கை குந்தவையும் நந்தினியும் சந்திக்கும் காட்சியையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். குந்தவையாக வரும் திரிஷாவின் கண்ணில் தெரியும் கணக்கு, பக்கம் பக்கமான வசனத்துக்கு ஈடாகிறது.

ரவிவர்மனின் ஒளிப்பதிவையும் தோட்டா தரணியின் அரங்குகளையும் பற்றிச் சண்டை பெரிதாக எழவில்லை. ஏ.ஆர். ரஹ்மானின் இசை சோழர் காலத்துக்கு ஒட்டவில்லை என்ற முணுமுணுப்பு மட்டும் இன்னும் ஓயவில்லை. பத்தாம் நூற்றாண்டின் ஒலியைக் காதால் கேட்டவர் யாரும் இல்லை என்பதால், நான் அந்த வழக்கில் சேரவில்லை.

என் மனத்தாங்கல் படத்தின் இரண்டாம் பாகத்தின் முடிவோடுதான். நாவலில் பூக்கைங்கரியம் செய்யும் எளிய சேந்தன் அமுதனே முன்னாள் அரசி செம்பியன் மாதேவியின் உண்மையான மகன் என்று தெரியவருகிறது. மக்களெல்லாம் வேண்டி நிற்கும் கரிகாலனின் தம்பி அருள்மொழி, தன் தலைக்கு வரவிருந்த மகுடத்தை எடுத்து அவன் தலையில் சூட்டுகிறான். ஐந்தாம் பாகத்துக்குத் ‘தியாக சிகரம்’ என்ற பெயர் பொருந்துவது இதனால்தான். படத்தில் சேந்தன் அமுதன் வந்து போகும் ஒரு முகம் மட்டுமே. நேற்றுவரை மகுடத்துக்காகச் சதிகாரர்களோடு நின்ற, செம்பியன் மாதேவியின் மகனாக வளர்ந்த மதுராந்தகனுக்கே அது போய்ச் சேர்கிறது. அவன் மனம் மாறியதற்குப் போதிய காட்சிகளும் இல்லை. அந்த நேரத்தை நாவலில் இல்லாத ஒரு பெரிய இறுதிப் போர் எடுத்துக்கொண்டது. வந்தியத்தேவனின் மடியில் உயிர்விடும் கடம்பூர் இளவரசி மணிமேகலையை முழுவதுமாக நீக்கியதைக்கூட, நேரமில்லை என்று ஏற்றுக்கொள்ளலாம். இந்தப் போரைப் பார்த்த பிறகு அந்தச் சமாதானமும் நிற்கவில்லை.

இரண்டு பாகங்களையும் அடுத்தடுத்துப் பார்ப்பவருக்குப் பெயர்க் குழப்பம் பாதியாகக் குறையும். நாவலைப் படிக்கும் எண்ணம் இருப்பவர், கரிகாலனின் முடிவைப் படம் முன்கூட்டியே சொல்லிவிடும் என்பதால், கொலை நிகழும் ஐந்தாம் பாகம் வரையாவது படித்துவிட்டுத் திரைக்கு வருவது நல்லது.