மொட்டை மாடியில் ஒரு அறை: பிளான் அப்ரூவல் சேவைக்கு ஐந்துக்கு மூன்று

நங்கநல்லூரில் ஆறு வீடுகள் கொண்ட பழைய அடுக்ககம் எங்களுடையது, நான் இரண்டாம் மாடி. ஊரிலிருந்து அம்மா வந்த பிறகு பையன் ஹாலில் படிக்க ஆரம்பித்தான், டிவி போட்டால் சண்டை. மேலே ஒரு அறை எடுத்துவிடலாம் என்று தோன்றியது. என் பத்திரத்தில் 'மொட்டை மாடி உரிமை' என்று பில்டர் ஒரு வரி போட்டுக் கொடுத்திருந்தார், அந்தத் தைரியம் வேறு. பிளான் அப்ரூவல் வேலையை மொத்தமாக எடுத்துச் செய்யும் ஒரு நிறுவனத்திடம் போனேன். குறையும் சொல்லப் போவதால் பெயர் போடவில்லை.

முதலில் 6,000 ரூபாய்க்கு ஓர் ஆய்வு. தாய்ப் பத்திரம், கிரயப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, பழைய அப்ரூவ்டு பிளான், சொத்து வரி ரசீது எல்லாம் வாங்கிக்கொண்டார்கள். ஓர் இளம் என்ஜினியர் அரை நாள் முழுக்க, மற்ற ஐந்து வீட்டுக் கதவையும் தட்டி, கட்டடத்தையே அளந்தார். இரண்டு பக்க அறிக்கை வந்தது. இந்த மொத்தக் கதையிலும் நான் கொடுத்த பணத்துக்குச் சரியான மதிப்பு அதுதான்.

ஏனென்றால் நான் போட்டு வைத்திருந்த மனக்கணக்கு வேறு. எங்கள் கட்டடம் எழும்பியபோது எஃப்எஸ்ஐ 1.5, அதாவது மனையின் பரப்பைப் போல் ஒன்றரை மடங்கு கட்டலாம். 2019 கட்டட விதிகளில் அது 2 ஆகிவிட்டது. எங்கள் மனை ஒன்றரை கிரவுண்டு, 3,600 சதுர அடி. அப்போது 5,400, இப்போது 7,200, ஆக 1,800 சதுர அடி மிச்சம் என்று பூரித்துப்போய் 400 சதுர அடியில் பாத்ரூமோடு வரைந்தே வைத்திருந்தேன். அளந்து பார்த்தால், பால்கனியை மூடி அறையாக்கியவர்கள், பின்னால் ஷெட்டைச் சுவர் எழுப்பி மாற்றியவர்கள் என்று ஏற்கெனவே 5,700 ஆகியிருந்தது. மிச்சம் 1,500தான். "அதுவும் உங்களுடையது இல்லை சார், யூடிஎஸ் வைத்திருக்கிற ஆறு பேருக்கும் சேர்த்துத்தான்" என்றார் அந்தத் தம்பி. யூடிஎஸ் என்றால் மனையில் ஒவ்வொருவருக்கும் உள்ள பிரிக்கப்படாத பங்கு. ஆறு பேருக்கும் அது சமம், எனக்கு 250. பத்திரத்தில் இருக்கும் அந்த ஒரு வரியை நம்பிக் கட்டடம் எழுப்ப முடியாது, மொட்டை மாடி பொது இடம், எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். 400 அடி வரைபடத்தைச் சுருட்டி வைத்தேன்.

எங்கள் அசோசியேஷனில் ஒருவர், "இப்பதான் ஆன்லைன்ல அன்னைக்கே குடுக்கறாங்களே" என்றார். 2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டம் அது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம், தரையோடு ஒரு மாடி வரை. தனி வீட்டுக்காரர்களுக்கு. நமக்கு இல்லை.

கையெழுத்துக்குக் கிளம்பியபோதுதான் நிறுவனத்தின் குறை தெரிந்தது. புது வரைபடத்தில் மூடிய பால்கனிகளையும் காட்டியாக வேண்டும் என்றதும் இரண்டு வீட்டுக்காரர்கள் முகம் சுளித்தார்கள், "உங்க ரூமுக்காக எங்களை ஏன் சார் காட்டிக் குடுக்கறீங்க?" நியாயமான கேள்விதான். அமெரிக்காவில் இருப்பவர் அங்குள்ள தூதரகத்தில் பவர் பத்திரம் எழுதி அனுப்பினார். அது இங்கே வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும் என்று நிறுவனமே நினைவூட்டியது, அந்த அளவில் நன்றி.

தரைத்தள மாமிதான் மடக்கினார். "கட்டிக்கோப்பா, நான் வேண்டாங்கலை. நாளைக்கு மொத்தத்தையும் இடிச்சுக் கட்டினா, எனக்கு ஒரு ரூம் கூட இருக்குன்னு பங்கு அதிகம் கேப்பியா?" என்னிடம் பதில் இல்லை. 2022ஆம் ஆண்டு அடுக்குமாடி உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தாலே இடித்துக் கட்டலாம், ஆகவே மாமி கேட்டது வெறும் சந்தேகம் இல்லை. நிறுவனம் தந்த என்ஓசியோ 'எனக்கு ஆட்சேபணை இல்லை' என்று முடியும் நாலு வரி. போன் செய்து கேட்டால், "மாமியைக் கொஞ்சம் சமாளிச்சிடுங்க சார்." இப்படிப்பட்ட கட்டடங்களுக்கே வேலை செய்கிறவர்கள், இந்தக் கேள்வியை இதற்கு முன் யாரும் கேட்டதே இல்லையா என்ன?

வேறு வழியில்லாமல் தனியாக ஒரு வக்கீலைப் பிடித்து ஒப்பந்தம் எழுதினோம். யூடிஎஸ் மாறாது, இடித்துக் கட்டினால் அதன்படியே பங்கு, தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் வழியை அடைக்கக் கூடாது, புது அறையால் கீழே ஒழுகினால் செலவு என்னுடையது, மெயின்டனன்ஸும் கூடும். இதற்கு இன்னொரு 12,000. மாமி வரி வரியாகப் படித்து, ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவர் போட்டதும் மற்றவர்களும் போட்டார்கள்.

அப்புறம் தூண்களில் கான்கிரீட் பலத்தைப் பார்க்கும் ஹாமர் டெஸ்ட், எடை குறைந்த ஏஏசி பிளாக்கில்தான் சுவர் என்ற நிபந்தனையோடு ஸ்ட்ரக்சுரல் சான்று. அதெல்லாம் ஒழுங்காக நடந்தது. ஆனால் மாடிப்படி அகலத்தை இவர்களே தப்பாகப் போட்டதில் வரைபடம் திரும்பி வந்து மூன்று வாரம் போயிற்று. இரண்டாம் தவணை வாங்கிய பிறகு போனை எடுப்பதும் குறைந்தது. கடைசி பில்லில் 'இதர செலவு 8,000' என்று ஒரு வரி, விவரம் கேட்டதும் 2,500 ஆனது!

அனுமதி வந்துவிட்டது, 240 சதுர அடிக்கு. நீங்கள் போவதானால் முதல் ஆய்வுக்கு மட்டும் தனியாகப் பணம் கட்டி, அறிக்கையைக் கையில் வாங்கிக்கொண்டு, அக்கம்பக்கத்தில் எல்லாரிடமும் பேசி முடித்த பிறகு மீதி வேலையைக் கொடுங்கள். நான் முழுத் தொகைக்கும் முதல் நாளே கையெழுத்துப் போட்டுவிட்டேன்.