வீட்டிலிருந்து எம்பிராய்டரி டிசைன் விற்பது: ஒன்பது ஆண்டு அனுபவம்

2016-ம் ஆண்டு, நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம் முடிந்த வாரத்தில் என் முதல் டிசைனை அறுபது ரூபாய்க்கு விற்றேன். வாங்கியவர் மகாராஜநகரில் தையல் வகுப்பு நடத்தும் ஓர் அக்கா. அப்போது எனக்கு மூன்று பிள்ளைகள், மூன்றாவது கைக்குழந்தை. இன்று ஐந்து. மூத்தவள் கல்லூரிக்குப் போகிறாள், கடைக்குட்டிக்கு நான்கு வயது. அத்தையும் எங்களோடுதான் இருக்கிறார்கள். கணவர் அரசு பஸ் ஓட்டுகிறார். முதல் டிரிப் என்றால் அதிகாலை மூன்றரைக்கே கிளம்பிவிடுவார். அவரை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தியதிலிருந்து பால்காரர் வரும் வரைக்கும் உள்ள நேரம்தான் என் தொழில் நேரம். மற்றபடி கிடைப்பதெல்லாம் பத்து நிமிடம், கால் மணி நேரம் என்று துண்டு துண்டாகத்தான்.

நான் தைத்துக் கொடுப்பதில்லை. டிசைனை மட்டும் விற்கிறேன். முன்பு இரண்டு ஆண்டுகள் ஆரி (கொக்கி ஊசி எம்பிராய்டரி) பிளவுஸ் தைத்துக் கொடுத்தேன். ஓர் ஆவணி முகூர்த்தத்துக்கு மூன்று பிளவுஸ் ஒப்புக்கொண்ட நேரத்தில் இரண்டாவது மகனுக்கு டெங்கு வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மணி கோத்தேன். குளுக்கோஸ் பாட்டிலையும் ஊசியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த அந்த இரவில்தான், நாள் குறித்த வேலை இனி வேண்டாம் என்று முடிவு செய்தேன். டிசைனுக்கு முகூர்த்த நாள் கிடையாது. ஒரு முறை சரியாக வரைந்துவிட்டால் அது பல ஆண்டுகள் விற்கும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வேலையை அப்படியே மூடி வைத்துவிடலாம்.

அன்றிலிருந்து எந்தச் சாமானையும் ஒரே ஒரு கேள்வி கேட்டுத்தான் வாங்குகிறேன். பாதியில் எழுந்து போய் இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பினால், விட்ட இடம் எனக்குக் கிடைக்குமா?

முதலில் பயன்படுத்திய கிராஃப் நோட்டு இந்தக் கேள்வியில் தோற்றது. கிராஸ் ஸ்டிச்சுக்கான, அதாவது கட்டத்துக்கு ஒன்றாகப் போடும் குறுக்குத் தையலுக்கான, ஜோடிக்கிளி ஒன்றை 140 கட்டம் அகலம், 112 கட்டம் உயரத்தில் வரைந்திருந்தேன். கட்டம் கட்டமாக நெய்த 14 கவுண்ட் ஐடா துணியில் ஓர் அங்குலத்துக்கு 14 கட்டம், ஆகவே தைத்து முடித்தால் பத்துக்கு எட்டு அங்குலம் வரும். மொத்தம் 15,680 கட்டங்கள். மணிக்கு நூற்றைம்பது தையல் போட்டாலும் நூறு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும் வேலை. வாங்கிய தென்காசிப் பெண் ஒருநாள் போன் செய்து, “அக்கா, சிறகில் ஒரு வரி தள்ளிப் போயிருக்கிறது” என்றார். எடுத்துப் பார்த்தேன். 63-வது வரியை இரண்டு முறை வரைந்திருந்தேன். அந்த இடத்தில்தான் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவர எழுந்து போயிருக்கிறேன். அந்தப் பெண் அதற்குள் ஐந்து வாரம் தைத்துவிட்டார். அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னை வாட்டியது. நூல், துணி, டிசைன் எல்லாவற்றுக்குமான பணத்தைத் திருப்பி அனுப்பினேன். அவருடைய ஐந்து வாரத்தை என்னால் திருப்பித் தர முடியவில்லை.

அதன் பிறகு வந்ததுதான் காந்தக் கோல். வரைபடத்தை இரும்புத் தகட்டில் வைத்து, வேலை நடக்கும் வரியின் மேல் நீளக் காந்தத்தை ஒட்டிவிட வேண்டும். எழுந்து போனாலும் அது அங்கேயே இருக்கும். எங்கள் வீட்டு எவர்சில்வர் தாம்பாளத்தில் காந்தம் ஒட்டவில்லை. பெரிய பிஸ்கட் டின்னின் மூடியில் நன்றாக ஒட்டியது. ஏழு ஆண்டுகளாக அதே மூடிதான். குழந்தை தட்டிவிட்டாலும் கோல் நகராது. என்னிடம் இருக்கும் சாமான்களில் விலை குறைந்ததும் நம்பிக்கையானதும் இதுதான்.

2019-ல் பழைய லேப்டாப் ஒன்று வாங்கி, கணக்கு எழுதும் விரிதாளில் கட்டங்களைச் சதுரமாக்கி வரையத் தொடங்கினேன். பத்துக் கட்டத்துக்கு ஒரு தடித்த கோடு, நிறத்துக்கு ஒரு குறி. இதற்கென்றே விற்கும் மென்பொருளையும் ஓராண்டு பயன்படுத்திப் பார்த்தேன். போட்டோவைக் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் வரைபடம் தந்துவிடும். ஆனால் கிளியின் ஒரு கண்ணுக்கே பதினோரு பச்சை கேட்கும். அத்தனை நூல் யார் வாங்குவது? மறுபடி விரிதாளுக்கே வந்துவிட்டேன். ஒரு படத்தில் பன்னிரண்டு நிறத்துக்கு மேல் போவதில்லை. நூல் எண்களையும் நானே நூல்கண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் எழுதுகிறேன். ஆங்கர், டிஎம்சி இரண்டும் நூல் கம்பெனிகள். கறுப்புக்கு ஆங்கர் 403, டிஎம்சி 310 என்று பொருந்திவிடும். பச்சையிலும் பழுப்பிலும் மாற்று அட்டவணையை நம்பினால் ஏமாற்றம்தான்.

நூலின் மேல் எனக்குள்ள பிடிப்புக்குக் காரணம் அப்பா. வி.கே.புரம் (விக்கிரமசிங்கபுரம்) மில்லில் வேலை பார்த்தார். 1880-களில் ஹார்வி சகோதரர்கள், பாபநாசத்தில் விழும் தாமிரபரணித் தண்ணீரின் விசையை நம்பித் தொடங்கிய மில் அது. அப்பா கொண்டுவரும் கழிவு நூலில்தான் ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்டேன்.

கோலப் படங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. அம்மாவின் கோல நோட்டை கிராஸ் ஸ்டிச்சுக்கு மாற்றும்போது நேர்ப்புள்ளிக் கோலம் தொல்லை தரவில்லை. இடுக்குப்புள்ளிதான் படுத்தியது. 15 புள்ளி, 8 வரை என்றால் அடுத்த வரிசைப் புள்ளி இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் விழ வேண்டும். புள்ளிக்குப் புள்ளி ஐந்து கட்டம் விட்டால் நடு இடம் இரண்டரைக் கட்டத்தில் விழுகிறது. துணியில் அப்படி ஓர் இடமே இல்லை. ஆறு கட்டம் விட்டால் மூன்றில் சரியாக உட்காரும். வரிசைக்கு வரிசை ஐந்து கட்டம் இறங்கினால் கோலம் நசுங்காமல் வரும். பதினைந்து புள்ளிக்கு 85 கட்டம், துணியில் ஏறக்குறைய ஆறு அங்குலம். சிக்குக் கோலத்தின் வளைவைக் குறுக்குத் தையலில் போட்டால் படிக்கட்டு மாதிரி தெரியும். அதற்குப் பின்தையல் (பேக் ஸ்டிச்) தான். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மார்கழி முழுக்க ஆனது. அந்தப் படம்தான் இன்றும் அதிகம் விற்கிறது.

ஆரி டிசைன் வேறு விதம். கிராஸ் ஸ்டிச் படம் எந்த அளவில் அச்சானாலும் கட்டக் கணக்கு மாறாது. ஆரியில் காகித அளவுதான் துணியின் அளவு. வாங்குகிறவர் கடையில் ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்று அச்சடித்துவிட்டால் பின்கழுத்து டிசைன் சுருங்கி, பிளவுஸில் பொருந்தாது. இப்போது ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் 5 சென்டிமீட்டர் சதுரம் ஒன்று போடுகிறேன். அச்சடித்ததும் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள், ஐந்து இல்லையென்றால் துணியைத் தொடாதீர்கள் என்று தமிழில் எழுதியிருக்கிறேன். புகார் அநேகமாக நின்றுவிட்டது.

துளை குத்திய டிரேசிங் பேப்பரும் விற்கிறேன். மடித்த போர்வை மேல் தாளை வைத்து, ஊசியைச் செங்குத்தாகப் பிடித்து, கோட்டின் மேல் நெருக்கமாகக் குத்திக்கொண்டே போக வேண்டும். பிறகு பின்பக்கத்தை மெல்லிய உப்புத்தாளால் ஒரு தேய்ப்பு. அப்போதுதான் துளை திறக்கும். கறுப்புத் துணிக்கு சிங்க் பவுடரையும் வெளிர் துணிக்கு நீலப்பொடியையும் மண்ணெண்ணெயில் குழைத்துத் தாளின் மேல் தேய்த்தால் துணியில் கோடு இறங்கிவிடும். பக்கத்து வீட்டு டீச்சரக்கா இடையன்குடிக்காரர். தன் பாட்டி லேஸ் பின்னிய அட்டையைக் கொண்டுவந்து காட்டினார். பழுப்பேறிய அட்டை, வரிசை தவறாத ஊசித்துளைகள். கால்டுவெல்லின் மனைவி எலைசா அந்த ஊர்ப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். எலைசாவின் அம்மா மார்த்தா மால்ட் அதற்கு முன்பே நாகர்கோவிலில் லேஸ் வேலையைத் தொடங்கிவைத்திருந்தார். அந்த அட்டையை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. யாரோ ஒருத்தி குத்திய துளைகள் வழியாக வெயில் வந்தது.

மண்ணெண்ணெய் விஷயத்தில் மட்டும் ஒரு கண்டிப்பான வார்த்தை. நான்காவது பையன் தவழ்கிற வயதில் அந்த பாட்டிலைத் திறந்துவிட்டான். குடிக்கவில்லை, அம்மன் காப்பாற்றினாள். குழந்தை ஒரு வாய் குடித்துவிட்டாலும் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும், நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். இப்போது பாட்டில் அரங்கில் (உள்ளறையில்), பூட்டுப் போட்ட பெட்டிக்குள் இருக்கிறது. வேலை மொட்டைமாடியில் மட்டும்.

2023 டிசம்பர் 17-ம் தேதி மழை என் அச்சு முறையையே மாற்றியது. திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் நிலையமே மூழ்கிக் கிடந்த அந்த வெள்ளத்தில், ஆற்றோரத் தெருவிலிருக்கும் எங்கள் பட்டாசலில் (முன்கூடத்தில்) இடுப்பளவு தண்ணீர். ஐந்து பிள்ளைகளோடும் அத்தையோடும் எதிர்வீட்டு மாடியில் இருந்தோம். தண்ணீர் வடிந்த பிறகு தாள்களைக் கொடியில் உலர்த்தினோம். வீட்டு இங்க் பிரிண்டரில் அடித்தவை எல்லாம் நீலச் சேறு. ஸ்கெட்ச் பேனாவால் வரைந்தவை இருந்த தடமே இல்லை. கடையில் ஜெராக்ஸ் எடுத்தவை சுருங்கியிருந்தாலும் ஒவ்வொரு கட்டமும் தெரிந்தது. அதன் மை தாளில் உருகி ஒட்டியது, தண்ணீரில் கரையாது. அம்மாவின் கோல நோட்டு முழுக்கப் பென்சில். ஒரு புள்ளி அழியவில்லை. அத்தைதான் அதைப் பக்கம் பக்கமாகப் பிரித்து, நடுவில் துணி வைத்து உலர்த்தினார்கள். இப்போது விற்பனைக்கு ஜெராக்ஸ் மட்டுமே, மூலப்படம் பென்சிலில். ஒரு பிரதி இணையத்தில், ஒன்று வி.கே.புரத்தில் அண்ணன் வீட்டில்.

என் படத்தை ஒரு கடை ஜெராக்ஸ் எடுத்து விற்றது உண்டு. மிகவும் வருத்தப்பட்டேன். கோலம் எல்லோருக்கும் சொந்தம்தான். அந்த ஆறு கட்டக் கணக்கு என் மார்கழி.

பணம் எவ்வளவு வரும் என்று கேட்பவர்களுக்கு: நல்ல மாதத்தில் ஒன்பதாயிரம், பரீட்சை மாதத்தில் இரண்டாயிரம். பிள்ளைகளின் பள்ளிச் செலவு இதில்தான் நடக்கிறது. மூத்தவள் ஒவ்வொரு படத்தையும் விற்கும் முன் ஒருமுறை தைத்துப் பார்க்கிறாள். அவளுக்கு அதற்குக் கூலி உண்டு. அவள் தைத்து முடிக்காத படத்தை நான் விற்பதில்லை, எத்தனை பேர் கேட்டாலும்.

தொடங்க நினைப்பவர்களுக்குப் பெரிய முதல் தேவையில்லை. பென்சில், கிராஃப் தாள், பிஸ்கட் டின் மூடி, காந்தம் போதும். லேப்டாப் பிறகு வாங்கலாம். டிரேசிங் பேப்பரை மட்டும் மலிவாக வாங்காதீர்கள். மெல்லிய தாளில் நாலைந்து முறை பொடி தேய்த்ததுமே துளைக்குத் துளை கிழிந்து ஒன்றாகிவிடும்.