சிறுவர் கதையை ரீரைட்டுக்குக் கொடுத்தால் என்ன கிடைக்கும், எது தொலையும்: வடசென்னைக் கதைகளோடு சில வருட அனுபவம்

சிறுவர் கதைக் கைப்பிரதியைத் தொழில்முறை ஆளிடம் கொடுத்துத் திருப்பி எழுதி வாங்குவது நல்ல செலவுதான். ஆனால் எழுதி வந்த அன்றே அதற்கு மார்க் போட முடியாது. அன்றைக்கு எல்லாமே பளபளவென்றுதான் இருக்கும். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கிறவர்களும் சின்ன அளவில் புத்தகம் போடுகிறவர்களும் சேர்ந்து எழுதுவது இது. இப்படிப் போய்த் திரும்பிய கைப்பிரதிகளில் சில மறுபதிப்பு வரை வந்துவிட்டன. அதில் பட்டுத் தெரிந்தது: வெட்டுவதிலும் பக்கம் பிரிப்பதிலும் நல்ல ரீரைட்டர் வாங்கிய காசுக்கு மேலேயே உழைக்கிறார். ஊர்ப் பேச்சில் கை வைக்கும்போதுதான் கெடுக்கிறார். முதலாவதைக் கேட்டு வாங்க வேண்டும், இரண்டாவதை முன்கூட்டியே தடுத்து வைக்க வேண்டும்.

எந்த வேலை தேவை என்று தெரியாமல் போனால் பணம் வீண். ஒற்றுப்பிழையும் சந்திப்பிழையும் மட்டும்தான் சிக்கல் என்றால் அது ப்ரூஃப். வாக்கியம் முட்டுகிறது, ஒரே பெயர் இரண்டு விதமாக வருகிறது என்றால் எடிட்டிங். மூன்று பக்கம் தாண்டியும் கதையில் யாருக்கு என்ன வேண்டும் என்றே தெரியவில்லை, ஐந்து வயதுக் கதை 1,800 சொல் ஓடுகிறது என்றால்தான் ரீரைட்.

சொல் எண்ணிக்கையை யாரையும் கேட்காமலே கண்டுபிடிக்கலாம். ஏ4 தாள் ஆறு எடுத்து நடுவில் மடித்து ஒரு பின் அடித்தால் 24 பக்க டம்மி, அதாவது வெற்று மாதிரிப் புத்தகம். சென்டர் பின் புத்தகம் நாலின் மடங்கில்தான் வரும் என்பதால் 16, 20, 24, 32 என்று போகும். தலைப்புப் பக்கம், பதிப்பு விவரப் பக்கம், கடைசி ஒன்றிரண்டு போக 20 பக்கம் மிஞ்சும். புத்தகத்தை விரித்தால் எதிரெதிரே தெரியும் இரண்டு பக்கம் ஒரு விரிப்பு. அப்படிப் பார்த்தால் பத்து விரிப்பு. விரிப்புக்கு 50, 60 சொல் என்றால் 500 முதல் 600. 1,800 சொல்லை இதில் திணித்தால் விரிப்புக்கு 180. படத்துக்கு இடமே இருக்காது. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் என்ற சிறுவர் கதைத் தளத்தில் வாசிப்பு நிலைகளைப் பார்த்தாலும் முதல் நிலைக்கு 250 சொல்லுக்குள், இரண்டாம் நிலைக்கு 600 வரை, மூன்றாவதற்கு 1,500 வரை என்றுதான் வைத்திருக்கிறார்கள். டம்மியில் கையால் கதையைப் பிரித்து எழுதிப் பார்த்துவிட்டு ஆளைத் தேடினால், பேரம் பேசுவதே வேறு மாதிரி இருக்கும்.

கைப்பிரதிகளில் வழக்கமாக வருகிற ஒரு தொடக்கம் இது:

“அதிகாலை நான்கு மணிக்கே எழுந்து, முகம் கழுவி, தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திற்குச் சென்ற மல்லிகா, அங்கே மலைபோல் குவிந்து கிடந்த மீன்களைக் கண்டு ஆச்சரியமடைந்தாள்.”

சுமாரான ரீரைட்டர் இதை இரண்டாக உடைத்து, முன்னால் “சூரியன் தன் பொற்கதிர்களை விரிக்கும் முன்பே” என்று ஒட்டி, “ஆஹா, எத்தனை மீன்கள்!” என்று ஒரு வியப்பையும் சேர்த்துக் கொடுப்பார். பிழையே இருக்காது. உயிரும் இருக்காது. கைதேர்ந்தவர் எழுதுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பார்: காசிமேட்டுப் பெண் மீன் குவியலைப் பார்த்து எதற்கு ஆச்சரியப்பட வேண்டும்? தினம் பார்ப்பதுதானே? வாய் பிளப்பது எழுதியவர்தான், மல்லிகா இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடும்போதுதான் கதையே பிறக்கிறது: மீன் இருக்க வேண்டிய இடத்தில் மீன் இல்லை. அப்புறம் வரும் வடிவம் இப்படி இருக்கும்:

“இன்னும் விடியவில்லை. தரையெல்லாம் ஈரம். ‘பாத்து வா கண்ணு, வழுக்கும்’ என்றார் தாத்தா. மல்லிகா கூடைக்குள் எட்டிப் பார்த்தாள். வெறும் ஐஸ்.”

அதோடு பக்கம் முடிகிறது. மீன் எங்கே என்று கேட்டுக்கொண்டே பிள்ளை பக்கத்தைத் திருப்பும். எழுந்து, கழுவி, பிடித்து, சென்று என்று நீளும் வினையெச்சச் சங்கிலி போய்விட்டது. ஆச்சரியமடைந்தாள் என்று சொல்லவும் தேவையில்லை, அவள் முகத்தை ஓவியர் வரைந்துவிடுவார். காசு கொடுப்பது இந்த ஒரு வேலைக்குத்தான்.

கெடுகிற இடத்துக்கு வருவோம். வெளியூர்க்காரரிடம் போன கைப்பிரதியில் ‘காத்தாடி’ ‘பட்டம்’ ஆகித் திரும்பும். ‘நாஷ்டா’ ‘காலை உணவு’ ஆகும். ‘ஹவுசிங் போர்டு’ ‘அடுக்குமாடிக் குடியிருப்பு’ ஆகும். ‘சங்கரா’ வெறும் ‘வண்ண மீன்’. ‘அம்மா சொல்லுச்சு’ என்று வியாசர்பாடிப் பையன் பாசமாகச் சொன்னது ‘அம்மா சொன்னார்கள்’ என்று மரியாதை கட்டிக்கொண்டு நிற்கும். இதற்கு நேர் எதிர் ஆபத்தும் உண்டு. வடசென்னை என்றதும் சினிமாவில் பார்த்ததை வைத்து வரிக்கு வரி ‘இன்னாபா’ போட்டு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். முன்னதைவிட இது மோசம்; பிள்ளைகள் தங்களைக் கிண்டல் செய்வதாக உடனே கண்டுகொள்ளும்.

இதற்கு மருந்து, வேலை தொடங்கும் முன் ஒரு பக்கத்தில் ‘தொடக் கூடாதவை’ பட்டியல். பெயர்கள், உறவுமுறை அழைப்புகள், மீன், தின்பண்டம், விளையாட்டு, இடப்பெயர் எல்லாம் அதில் இருக்க வேண்டும். கூடவே உரையாடல் வரிகளை அந்தப் பகுதிக்காரர் ஒருவர் பேசிப் பதிவுசெய்த வாய்ஸ் நோட்டும் அனுப்பினால் பாதிச் சண்டை குறையும். அதே நேரம், பேச்சு நடையை உரையாடலோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வதே நல்லது. ‘இட்டுனு வா’ என்று நாள் முழுக்கப் பேசுகிற பிள்ளைகூட அதை எழுத்தில் பார்த்தால் கூட்டிக் கூட்டித்தான் படிக்கும், ஏனென்றால் பள்ளியில் கற்ற எழுத்து வடிவம் வேறு. கதை சொல்லும் குரல் எளிய எழுத்துத் தமிழில், பேசும் குரல் ஊர்ப் பேச்சில் என்று பிரித்த புத்தகங்கள்தான் நிலைத்து ஓடுகின்றன.

தகவல் பிழையையும் ரீரைட்டர் பிடிப்பார் என்று நம்ப வேண்டாம். மே மாத லீவில் அப்பா விசைப்படகில் கடலுக்குப் போவதாக ஒரு காட்சி வைத்தால், படிக்கிற திருவொற்றியூர்க் குப்பத்துப் பிள்ளை புத்தகத்தை மூடிவிடும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில்தான் நிற்கும். காட்சியை ஜூலைக்குத் தள்ள வேண்டும், இல்லை தடைக்காலத்தையே கதைக்குள் கொண்டுவர வேண்டும். இதைப் பார்த்துச் சொல்ல ஊர்க்காரர் ஒருவரைத் தனியாக வைத்துக்கொள்வதுதான் வழி.

யாரிடம் கொடுப்பது? ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் ஒற்றுப்பிழைக்குப் பொன். ஆனால் கடைசிப் பக்கத்தில் நீதி இல்லாமல் அவர்களுக்குக் கை நிற்காது. பத்திரிகையில் எடிட்டராக இருந்தவர்கள் வெட்டுவதில் கெட்டிக்காரர்கள், படத்துக்கு இடம் விட மறப்பார்கள். மேடையில் கதை சொல்கிறவர்களுக்குக் காது நன்றாக இருக்கும்; தடதட, சளப்சளப் என்று ஒலி கூட்டிக் கொடுப்பார்கள், அதைப் பாதியாகக் குறைக்க வேண்டிவரும். படக்கதைப் புத்தகம் போட்ட பழக்கம் உள்ளவர் கிடைத்தால் வேறு யோசனையே வேண்டாம். நாலு நாளில் முடித்துத் தருவதாக இணையத்தில் விளம்பரம் செய்யும் ஏஜென்சிகளில், எழுதுகிற ஆளோடு நேரடியாகப் பேச விடாத எதையும் தவிர்ப்பது நல்லது.

இப்போது கைப்பிரதியைச் சாட்ஜிபிடியில் போட்டு எடுத்து அப்படியே அனுப்புகிறவர்களும் உண்டு. கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. “அது ஒரு அழகான காலை” என்று தொடங்கும். எல்லார் கண்ணும் மின்னும், எல்லாரும் புன்னகைப்பார்கள், தாத்தா தலையை வருடிக்கொண்டே பாடம் சொல்வார். இந்த மாதிரிக் கருவி வேலையில் எதற்கு வரலாம், எதற்குக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதிவிட வேண்டும்.

ஆளை முடிவுசெய்யும் முன் 300 சொல் சாம்பிள் கேட்டு வாங்குங்கள், அதற்குக் காசும் கொடுங்கள். தொடக்கத்தைக் கொடுக்க வேண்டாம், தொடக்கத்தை யார் வேண்டுமானாலும் ஜோடித்துவிடுவார்கள். இரண்டு பிள்ளைகள் சண்டை போடும் இடத்தைக் கொடுத்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

கூலியைச் சொல்லுக்கு இவ்வளவு என்று பேசவே கூடாது. 1,800-ஐ 600 ஆக்குவதுதான் வேலை. முடிந்த சொல்லுக்குப் பணம் என்றால் வெட்ட வெட்ட அவருக்கு நஷ்டம். கதைக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசி, சாம்பிள் முடிந்ததும் ஒரு பங்கு, முதல் வரைவுக்கு ஒரு பங்கு, பிள்ளைகளிடம் வாசித்துத் திருத்திய பிறகு மீதி என்று பிரிப்பது இரண்டு பக்கமும் நிம்மதி. திருத்தச் சுற்று இரண்டு போதும். ஒரு சுற்று என்றால் எல்லாத் திருத்தங்களையும் சேர்த்து ஒரே தடவை அனுப்புவது. வாட்ஸ்அப்பில் ராத்திரி பதினோரு மணிக்கு ஒவ்வொன்றாகத் தட்டுவது சுற்று இல்லை, தொல்லை.

காசு கொடுத்தாயிற்று, எழுத்து நம்முடையது என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர் வேலையின் பகுதியாக எழுதியது முதலாளிக்குப் போகும். வெளியில் இருந்து எழுதித் தருகிறவர், தான் புதிதாக எழுதியதற்குத் தானே முதல் உரிமையாளர். அது பிரிவு 17. உரிமை கைமாற வேண்டுமானால் பிரிவு 19-இன்படி எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். அதில் காலம் எழுதாமல் விட்டால் 5 ஆண்டுதான். எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும்தான். சிங்கப்பூர், மலேசியாவுக்கு அனுப்பும்போது இடிக்கும். அச்சு, மின்னூல், ஒலி, மொழிபெயர்ப்பு, காலம், எல்லை என்று எல்லாவற்றையும் பெயர் சொல்லி எழுதிக்கொள்ள வேண்டும். பெயர் போடும் உரிமை பிரிவு 57-இல் வருகிறது. பதிப்பு விவரப் பக்கத்தில் ‘மறுஎழுத்து’ என்று அவர் பெயரைப் போட்டுவிட்டால் போயிற்று, யாருக்கும் அதனால் குறைவில்லை.

வரைவு வந்ததும் ட்ராக் சேஞ்சஸ், அதாவது மாற்றிய இடங்களைக் கோப்பிலேயே நிறத்தில் காட்டும் வசதி, கேட்காதீர்கள். ரீரைட்டில் பக்கம் முழுக்கச் சிவப்பாகத்தான் தெரியும். மூன்று கட்டம் போட்ட அட்டவணையாகக் கேளுங்கள்: இடது பக்கம் பழையது, நடுவில் புதியது, வலது பக்கம் ஏன் மாற்றினார் என்று ஒரு வரி. காரணம் எழுதச் சொன்னாலே தேவையில்லாத மாற்றம் பாதி குறைந்துவிடுகிறது.

அப்புறம் வாசிப்புச் சோதனை. இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எட்டுப் பத்துப் பேர், கதையை அதுவரை பார்க்காத ஒருவர் வாசிக்க வேண்டும். எழுதியவர் வாசித்தால் குரலாலேயே ஓட்டையை அடைத்துவிடுவார். இன்னொருவர் பிரதியை வைத்துக்கொண்டு, வாசிப்பவர் நாக்குப் பிசகும் இடத்தில் ஒரு கோடும், பிள்ளைகள் பக்கத்துப் பிள்ளையிடம் பேசும் இடத்தில் ஒரு வட்டமும் போட வேண்டும். கோடு விழுந்தால் வாக்கியத்தில் கோளாறு, வட்டம் விழுந்தால் கதையில் கோளாறு. “கதை பிடிச்சுதா?” என்று கேட்பதில் பயனில்லை, பிடிச்சுது என்றுதான் சொல்லும்.

பக்கம் கட்டும்போது வருகிற தலைவலி தனி. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிப் பழகியவர்கள் நிறைய. யூனிகோடுக்கு மாற்றும்போதும், சில விசைப்பலகையில் தட்டும்போதும், ‘ர்’ வரவேண்டிய இடத்தில் துணைக்காலும் புள்ளியும் சேர்ந்து ‘ா்’ ஆகிவிடும். ‘ஔ’வுக்குப் பதில் ‘ஒ’வும் ‘ள’வும் அடுத்தடுத்து நிற்கும். கண்ணுக்குத் தெரியவே தெரியாது. மின்னூலில் தேடினால் ‘அவர்’ அகப்படாது, போன் வாசித்துக் காட்டும்போது உளறும். கோப்பு கைக்கு வந்ததும் தேடி மாற்றிவிட வேண்டும். இன்னொன்று, 20 பாயின்ட் எழுத்தில் வரிக்கு மூன்று நான்கு சொல்தான் கொள்ளும். ‘எடுத்துக்கொண்டிருந்தார்கள்’ ஒன்றே ஒரு வரியைத் தின்றுவிடும். ‘எடுத்தார்கள்’ போதுமா என்று ரீரைட்டரிடமே கேட்டு முடிப்பது நல்லது, லேஅவுட் செய்பவர் தன் இஷ்டத்துக்கு உடைக்கக் கூடாது.

வருடக் கணக்கில் பார்த்தால், வெட்டியதால் எந்தக் கதையும் கெடவில்லை. ரீரைட்டர் சேர்த்த வர்ணனைகளில் பெரும்பாலானவை மறுபதிப்பில் வெளியே போய்விட்டன. பட்டியலில் இல்லாததால் மாற்றப்பட்ட ஊர்ச் சொற்களில் சில திரும்ப உள்ளே வந்தன. அப்படித் திருப்பிப் போட மூலக் கைப்பிரதியும், அந்த மூன்று கட்ட அட்டவணையும், அச்சுக்குப் போன கோப்பும் மூன்றும் வேண்டும். பிடிஎஃப் மட்டும் வைத்திருந்தால் போதாது, அதிலிருந்து தமிழை நகலெடுத்தால் பெரும்பாலும் எழுத்து சிதறித்தான் வரும். மொழிபெயர்ப்பாளர் யாராவது பிறகு கேட்கும்போதும் அட்டவணையையே சேர்த்து அனுப்பலாம். எந்த வரி ஏன் அப்படி இருக்கிறது என்று வலது கட்டத்தில் இருப்பதால், போனில் விளக்க வேண்டிய பாதி வேலை மிச்சம்.