கிளினிக் கொப்பிக்குள் ஒரு தாள்

யாழ்ப்பாணத்துக்கு விடுமுறையில் வந்து வயதான தாய் தகப்பனைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போகும் பிள்ளைகள் விசாரிப்பது எந்தக் கன்சல்டன்ற், ஸ்கானுக்கு எத்தனை நாள் என்பதைத்தான். "இவவுக்கு வலக்காது கேளாது, இடப்பக்கம் நின்று கதையுங்கோ" என்பதை எங்கே பதிவது என்று எவரும் கேட்பதில்லை.

இங்கிலாந்தில் அரச மருத்துவ சேவையான என்.எச்.எஸ். 2016 முதல் இதை விதியாகவே வைத்திருக்கிறது. தேவையைக் கேட்டறி, பதி, கோப்பில் பளிச்செனக் காட்டு, அடுத்த இடத்துக்குச் சொல்லியனுப்பு, அதன்படி நட. (கடைசிப் படி அங்கேயும் சறுக்குவதுண்டு.) இங்கே அரச ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம், கவனிப்பிலும் பெரிய குறை இல்லை. பதிவுக்குத்தான் இடமில்லை. ஆனால் லண்டனில் இல்லாத ஒன்று இங்கே உண்டு: நோயாளியே கையில் கொண்டுதிரியும் கிளினிக் கொப்பி. எந்த டொக்டரும் அதைத் திறக்காமல் மருந்து எழுதமாட்டார். ஆகவே அதற்குள் ஒரு தாள் வையுங்கள்.

தாளில் ஆறேழு வரி போதும், எழுத்து பெரிதாக இருக்கட்டும். எந்தக் காது கேட்கும், கண்ணாடி வேண்டுமா, எந்த மொழி, ஓம் இல்லை என்பதை எப்படிக் காட்டுவார், கூட நிற்பவரின் போன் நம்பர். டொக்டருக்கு ஆங்கிலம், வாட்டில் நிற்பவர்களுக்குத் தமிழ். கொழும்புக்கு மாற்றினால் சிங்களமும் வேண்டிவரும். அங்கே கூட நிற்பவருக்குச் சில சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தால் உதவும்: தண்ணீருக்கு 'வதுர', நோகுது என்பதற்கு 'ரிதெனவா', கழிவறைக்கு 'வெசிகிலி'.

பாரிசவாதத்தில் வலக்கை வலக்கால் விழுந்தவர்களுக்குப் பேச்சும் போவது அதிகம், இடமூளை அடிபடுவதால். அவர்களுக்கு அறிவு மங்கிவிட்டதென்று குழந்தையோடு கதைப்பதுபோல் கதைக்கிறார்கள். மொழிதான் சிக்கல், அறிவு அல்ல. ஒரு கேள்வி கேட்டுப் பத்து விநாடி வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். "சாப்பிடேல்லையோ?" என்று எதிர்மறையில் கேட்கவே கூடாது. தமிழில் அதற்கு 'ஓம்' என்றால் சாப்பிடவில்லை என்றும் ஆகும், சாப்பிட்டாயிற்று என்றும் கேட்பவர் எடுத்துக்கொள்வார். "பசிக்குதோ?" என்று கேட்டு, பதிலில் சந்தேகம் இருந்தால் "வயிறு நிறைஞ்சிட்டுதோ?" என்று திருப்பிக் கேளுங்கள். இரண்டுக்கும் 'ஓம்' வந்தால் அந்த 'ஓம்' நம்பத்தக்கதல்ல. தண்ணீர், நோவு, கழிவறை, ஃபான், திருப்பிப் படுக்கவை போன்ற எட்டுப் படம் ஒட்டிய தாளை இடப்பக்கம் பிடியுங்கள். வலப்பக்கப் பார்வை சிலருக்குப் போயிருக்கும், சுட்டிக்காட்ட ஏலுமானதும் இடக்கைதான். பேச்சுச் சிகிச்சையாளர்களில் தமிழில் வேலை செய்பவர் குறைவு. கிளினிக் தேதி கிடைக்கும்வரை இதை வீட்டார் செய்யலாம்.

ஹியரிங் எயிட் வேறு கதை. லண்டனிலிருந்து பற்றரி கொண்டுவருபவர்கள் ஸ்டிக்கர் நிறத்தைப் பார்க்க வேண்டும்: 13ஆம் அளவு செம்மஞ்சள், 312ஆம் அளவு மண்ணிறம். ஸ்டிக்கரைக் கழற்றிக் காற்றுப் பட்டதும் பற்றரி வேலைசெய்யத் தொடங்கும், திரும்ப ஒட்டினாலும் சேமிக்க முடியாது. கழற்றி ஒரு நிமிடம் வைத்த பிறகே உள்ளே போடுங்கள். காதுக்குப் பின்னால் மாட்டும் வகையில், காதுக்குள் செருகும் மோல்டுக்குப் போகும் ரியூப் நாளடைவில் இறுகிப்போகும். வெக்கையில் அதற்குள் நீர்த்துளி நின்றாலும் சத்தம் அடைபடும். கருவி பழுது என்று பெட்டிக்குள் போட்டுவிடுகிறார்கள், உண்மையில் நீர்த்துளி என்றால் ரியூப்பைக் கழற்றிக் காற்று அடித்தாலே போதும், இறுகியதென்றால் ரியூப்பை மாற்ற வேண்டும். வாட்டில் தொலைவது பெரும்பாலும் ரிஷுவில் சுற்றித் தலையணைக்குக் கீழே வைப்பதால்தான். மூடியுள்ள சின்ன டப்பா ஒன்றில் பெயர் எழுதி வையுங்கள். கத்திக் கதைத்தால் சொல் தெளியாது, குழம்பும். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி முன்னால் நின்றால் பாதி வேலை முடிந்தது.

மருந்துக் கவுண்டரில் "விளங்கிச்சோ?" என்று கேட்டால் எங்கள் ஆக்கள் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். உறையில் 'பி.டி.' என்றிருந்தால் இருவேளை, 'டி.டி.எஸ்.' என்றால் மூவேளை. வீட்டுக்குப் போனபின் எந்தக் குளிசையை எப்போது போடுவார் என்று கவுண்டரிலேயே அவரைச் சொல்லச் செய்து கேளுங்கள். பிழை வந்தால் அங்கிருந்து நகர முன்னரே பிடிபடும்.

தாளைக் கொப்பியில் ஒட்டாதீர்கள். கொப்பி முடிந்து புதியது மாறும்போது பழையதோடு அலுமாரிக்குள் போய்விடும். பிளாஸ்டிக் உறைக்குள் செருகி, போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள்.