'காசியோ' எழுத்து வருதுன்னு நம்பி எஃப்-91டபிள்யூ வாங்காதீங்க

மக்களே, பழைய பொருள் விற்கிற ஒரு ஆப்ல 'பெட்டி பிரிக்காத பழைய ஸ்டாக்'னு போட்டு வித்த காசியோ எஃப்-91டபிள்யூ டிஜிட்டல் வாட்ச்சை வாங்கினேன், அப்பட்டமான போலி. மூணு புது வாட்ச் வாங்குற காசு போச்சு. போலியைக் கண்டுபிடிக்கிறது எப்படின்னு கடைசியில எழுதறேன்.

நம்ப வச்சது ஒரு வீடியோ. வலப்பக்கம் இருக்கிற ஒத்தைப் பட்டனை மூணு செகண்ட் அழுத்திப் பிடிச்சா, ஒரிஜினல்ல கம்பெனி பேர் திரையில வரும். நான் கேட்காமலே வித்தவங்க அதைப் படம் எடுத்து அனுப்பினாங்க. எழுத்தும் தெளிவா வந்துச்சு. காலங்காலமா எல்லாரும் சொல்ற சோதனை இதுதான். அதையும் இப்போ போலியில சேர்த்துட்டாங்க. பேர் வரலைன்னா போலி. வந்தா ஒரிஜினல்னு அர்த்தமே இல்ல.

கைக்கு வந்ததும் லைட்டைப் போட்டா நீலம் கலந்த வெள்ளை. ஒரிஜினல்ல இடது ஓரத்துலேர்ந்து மங்கலாப் பச்சை வெளிச்சம் வரும். லைட் எரியறப்பவே எண்ணெல்லாம் வெளிறிப்போகுது, அவ்வளவு செத்த பேட்டரி. பின்மூடியில 593னு மாட்யூல் (வாட்ச்சை ஓட்டுற உள்பாகம்) நம்பர் இருக்கு. நாலு ஸ்க்ரூவையும் கழட்டிப் பார்த்தா உள்ளே மாட்யூல்ல அந்த நம்பரே இல்ல. பேட்டரி மாத்தினதும் ரீசெட்டுக்குத் தொடுற 'ஏசி' புள்ளியும் இல்ல. ரப்பர் வளையம் பள்ளத்துல உட்காராம ஸ்க்ரூ ஓட்டைப் பக்கம் பிதுங்கி நசுங்கிக் கிடக்கு. கை கழுவினாலே தண்ணி இறங்கிடும்.

வித்தவங்ககிட்ட கேட்டா 'பேட்டரி மாத்திப் பாருங்க சார்'னு பதில். உள்பக்கப் போட்டோ அனுப்பினதும் அதுவும் நின்னுபோச்சு. ஆப்காரங்க 'மூடியைத் திறந்துட்டீங்க, ரிட்டர்ன் கிடையாது'ங்கிறாங்க. திறக்காம போலின்னு எப்படிங்க நிரூபிக்கிறது? அப்புறம் 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது'ன்னு ஒரு மெசேஜ். என்னத்தைத் தீர்த்தாங்க? மூணு வாட்ச் காசு இன்னும் அவங்ககிட்டதான் இருக்கு!

இப்போ இருக்கிற கோபத்துல இவ்வளவுதான் எழுத வருது. 1989ல வந்த இந்த மாடலை இன்னிக்கும் புதுசா தயாரிக்கிறாங்க. 'பழைய ஸ்டாக்'னு மூணு மடங்கு கேட்டா, மூடியைத் திறந்து மாட்யூல்ல 593 தெரியற போட்டோ கேளுங்க. இருட்டுல லைட் போட்ட வீடியோவும் கேளுங்க. தர மறுத்தா விட்டுடுங்க. பார்சல் பிரிக்கிறதுலேர்ந்து ஸ்க்ரூ கழட்டுற வரைக்கும் நிறுத்தாம ஒரே வீடியோவா எடுத்து வைங்க. ஆப்புக்கு வெளியே காசு அனுப்பவே அனுப்பாதீங்க.