மூன்று விசில் நேரத்து யோகா: ஏடிஹெச்டியோடு 2 வருடம்

கோத்தகிரியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன். எனக்கு ஏடிஹெச்டி (கவனத்தை ஒன்றில் நிறுத்தவும் அவசரத்தை அடக்கவும் சிரமப்படும் மூளை வளர்ச்சி சார்ந்த நிலை) என்று தெரிந்தபோது வயது 36. அதுவரை வீட்டில் அதற்குப் பெயர் சோம்பேறித்தனம். 12 வயதுக்கு முன்பே அறிகுறி இருந்ததா என்று அம்மாவை உட்காரவைத்து விசாரித்த பிறகுதான் டாக்டர் முடிவைச் சொன்னார். அன்று தொடங்கிய மாத்திரை இன்றும் தொடர்கிறது. யோகாவும், அன்றாட வேலைகளை ஒழுங்குபடுத்திக்கொள்ள ஒருவர் கூடவே உதவும் கோச்சிங்கும் அதோடு சேர்த்துக்கொண்டவை. அதற்கு மாற்றாக வந்தவை அல்ல.

முதலில் யோகா மட்டும்தான். ஒரு ஆன்லைன் வகுப்புக்கு மூன்று மாதப் பணம் கட்டி, ஒன்பது நாள் போனேன். கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொல்வார்கள். யாருக்குக் கொழுந்துப் பணம் பாக்கி, வீட்டில் தயிர் இருக்கிறதா என்று மூச்சைத் தவிர எல்லாம் கவனத்துக்கு வரும். மேட் அலமாரிக்கு மேல் போனது. கண்ணில் படாத பொருள் எனக்கு இல்லாத பொருள்.

அப்புறம்தான் கோச். செவ்வாய்க்கிழமைகளில் 30 நிமிடம், போனில். (இந்தத் தொழிலுக்கு நம் ஊரில் உரிமம் எதுவும் கிடையாது, விசாரித்துச் சேருங்கள்.) அவர் அறிவுரை சொல்லவில்லை, என் காலை எப்படிப் போகிறது என்று நிமிடக்கணக்கில் சொல்லச் சொன்னார். குக்கர் வைத்துவிட்டு விசிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் போன் பார்ப்பதாகச் சொன்னேன்.

"அந்த நேரத்துல ஆசனம் செஞ்சா?"

"டைமர் வைக்கட்டுமா?"

"வைக்கிறதுக்குப் போனை எடுத்தா, கீழே வைப்பீங்களா?"

மாட்டேன். மேட் அரிசி மூட்டை பக்கத்துக்கு இறங்கியது. ஏறத்தாழ 6000 அடி உயரத்துக் குளிரில் குக்கர் சூடாக நேரமெடுக்கும். முதல் விசிலுக்குள் நான்கு சுற்று சூரிய நமஸ்காரம் முடிந்துவிடும், அதன்பின் மூன்றாவது விசில் வரை விருட்சாசனம்.

எனக்கு ஒத்துவந்தது அந்த ஆசனம்தான். ஜன்னலுக்கு வெளியே நிற்கும் சில்வர் ஓக் மரத்தில் ஒரு முண்டு இருக்கிறது. அதையே பார்த்தபடி ஒற்றைக்காலில் நிற்பேன். மனம் நழுவிய அடுத்த நொடி கால் ஆடும். தியானத்தில் பத்து நிமிடம் ஊர் சுற்றிவிட்டு வந்தாலும் எனக்குத் தெரியாது, இங்கே உடம்பே காட்டிக்கொடுத்துவிடும். பனிமூட்டம் வந்து மரம் மறைந்தால் ஜன்னல் தாழ்ப்பாளைப் பார்ப்பேன். பிராமரியும் செய்கிறேன், ரீங்காரத்தோடு மூச்சை நீளமாக விடும்போது படபடப்பு இறங்குகிறது.

என்ன மாறியது? கோபத்தில் பதில் டைப் செய்யும் விரல் இப்போது கொஞ்சம் நிற்கிறது. அவ்வளவுதான், ஆனால் ஆபீஸில் அதுவே பெரிது. 20ஆம் தேதி ஜிஎஸ்டி கணக்கை முடிக்க வைப்பது யோகா இல்லை, கோச்சிங். நான் வேலை செய்யும்போது கோச் மறுமுனையில் பேசாமல் தன் வேலையைப் பார்ப்பார். ஒருவர் கூட இருக்கிறார் என்பதே போதும். சாவி இன்னமும் தொலைகிறது. போன நவம்பர் மழையில் 19 நாள் ஒன்றுமே செய்யவில்லை. அவர் காரணம் கேட்கவில்லை, "நாளைக்கு என்ன சமையல்?" என்றுதான் கேட்டார்.

அடுத்த மாதம் முதல் 2 வாரத்துக்கு ஒரு அழைப்பு போதும் என்று முடிவு. குக்கர் கேஸ்கட் மாற்ற வேண்டும். எழுதி வைத்திருக்கிறேன், எதில் என்றுதான் தெரியவில்லை.